பெரியதனக்காரரின் முதல் கோல்

கொழும்பில் எங்கள் கால்பந்துக் கிளப்புக்குக் குறை என்று பெரிதாக எதுவும் கிடையாது. நல்ல மைதானம் இருக்கிறது, நீலச் சட்டை இருக்கிறது, ஆட்டம் முடிந்ததும் குடிக்க சோடா இருக்கிறது. கோல் போடுவதற்குத்தான் ஆள் இல்லை. எங்கள் ஆட்டக்காரர்கள் ஓடுவார்கள், விழுவார்கள், எதிராளியின் சட்டையைப் பிடித்துச் சண்டைக்கு நிற்பார்கள். பந்து மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

கிளப் தலைவர் கொப்பரை வியாபாரி. அவர் ஒருநாள் குதிரைப் பந்தயத் திடலில் யாரோ ஒரு தோட்டத்துத் துரையைச் சந்தித்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். நான் கிளப்பின் செயலாளர். அதாவது யாரும் போக விரும்பாத இடத்துக்குப் போகிறவன்.

"இந்தியாவில் தேனிப் பக்கம் ஒரு பஞ்சு மில்லில் பெல்ஜியம் நாட்டுக்காரன் ஒருவன் இருக்கிறானாம். ஐரோப்பாவில் பணம் வாங்கிக்கொண்டு ஆடிய பெரிய ஃபார்வர்டாம். போய்ப் பார். பேச்சை நம்பாதே. அவன் ஒரு கோல் போடுவதை உன் கண்ணால் பார்த்தால் கூட்டி வா. பார்க்காவிட்டால் நீ மட்டும் வா" என்றார்.

கப்பலைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எழுத ஒன்றுமில்லை. இரண்டிலும் வாந்தி எடுத்தேன்.

தேனியில் இறங்கியதும் முதலில் என் தொப்பி போனது. ஆனி மாதம். மேற்கு மலைகளின் இடைவெளி வழியாக ஒரு காற்று வருகிறது, ஏதோ கடன்காரனைத் தேடி வருகிற மாதிரி. தொப்பி என் தலையிலிருந்து கிளம்பி, பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டிகளுக்கு மேலே பறந்து, சந்தைக் கூட்டத்தில் மறைந்துவிட்டது. வண்டிக்காரர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காத்துக்காலத்துல தொப்பி போடுற ஆள இப்பத்தேன் பாக்குறேன்" என்றார். கொழும்பில் கடலே பக்கத்தில் இருந்தும் காற்று இப்படி மரியாதை இல்லாமல் நடந்துகொள்வதில்லை.

மில் இருக்கும் ஊருக்கு பஸ் உண்டு. ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊரார் படிக்கத் தெரிந்தவர்கள், கோபக்காரர்கள். பஸ்ஸில் மூன்று பேர் இடத்தில் ஐந்து பேரும் ஒரு வெள்ளாடும் உட்கார்ந்திருக்க, டிரைவருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கண்டக்டர் ஓடிவந்தார்.

"எந்திரிங்க, எந்திரிங்க. அது பெரியதனத்தோட எடம்."

பெரியதனம் என்றால் அந்த ஊரின் தலைவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "அவர் வருகிறாரா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு வரல."

"பிறகென்ன?"

"வரலைன்னா எடம் இல்லைன்னு ஆயிருமா? பின்னால போங்க."

பின்னால் போய் வெள்ளாட்டோடு உட்கார்ந்தேன். காலி இருக்கை குலுங்காமல் முன்னால் பயணம் செய்தது. ஒவ்வொரு மேட்டிலும் எஞ்சின் கொதித்தது. டிரைவர் வாளியோடு வாய்க்காலுக்குப் போவார்; உடனே பஸ்ஸே இறங்கிப் பீடி பற்ற வைக்கும். ஒரு நிறுத்தத்தில் ஒருவர் தன் மச்சினன் வீடுவரை போய் மோர் குடித்துவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தார். பஸ் அவருக்காகக் காத்திருந்தது. கொழும்பு டிராம் எங்கள் தலைவருக்காகக்கூட நிற்காது. அதனால்தான் அவர் டிராமில் ஏறுவதில்லை.

மில்லுக்கு எதிரே வீராயி என்ற அம்மாளின் சாப்பாட்டுக் கடை. பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாண் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, இங்கே அதை ரொட்டி என்பார்கள் என்று நினைவு வந்து திருத்திச் சொன்னேன். அந்த அம்மாள் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

"சீக்காளிக்குத்தேன் ரொட்டி குடுப்பாக. ஒடம்புக்கு என்ன செய்யுது?"

ஒன்றும் செய்யவில்லை என்றேன். உடனே ஒரு கேப்பைக் களி உருண்டையும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. மென்று பார்த்தேன். பல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "மெல்லாதீக, முழுங்குங்க" என்று எதிரிலிருந்து ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்தால், வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கை வரை மசகெண்ணெய்க் கறையோடு ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார்.

"தொப்பி போயிருச்சாமே. கேள்விப்பட்டேன்" என்றார். செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறி வந்திருந்தது.

அவர் பெயர் மார்செல். ஊரார் அதை மாசிலாமணி என்று ஆக்கி வைத்திருந்தார்கள். நெடிய ஆள், மூக்கு ஒரு பக்கம் கோணல், தலையில் முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் களியை அப்படியே வைத்துவிட்டு, ஆங்கிலத்திலும் தேனித் தமிழிலுமாக மாறி மாறித் தன் கதையைச் சொன்னார்.

ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். சின்ன வயதிலேயே கிளப்பில் முன்வரிசை ஆட்டக்காரர். அவர் நாட்டில் பந்தாடக் கூலி வாங்கக் கூடாதாம். வாங்கினால் தள்ளி வைத்துவிடுவார்களாம். எனவே கிளப் தலைவர் சட்டத்துக்கு மதிப்புக் கொடுத்து, மார்செல் பெயரில் ஒரு பீர் கடை வைத்தார். பலகையில் பெயர் இவருடையது, கல்லாவின் சாவி தலைவருடையது. இவர் கோல் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் கூட்டம் நெரியும். இவர் போய்க் குடித்தால் காசு கேட்பார்கள்.

பிறகு பிரான்சில், கூலி கொடுத்தே ஆட வைக்கும் கிளப் ஒன்று கூப்பிட்டது. அங்கே கோலுக்கு மேல் கோல். பத்திரிகையில் படம். அந்தக் கிளப்பின் முதலாளி சோப்பு செய்கிறவர். அவர் சோப்பு உறை ஒவ்வொன்றிலும் இவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. முழங்கால் பிசகிய மறுமாதமே உறையில் வேறொருவர் சிரித்தார். அப்புறம் சின்னக் கிளப், அதைவிடச் சின்னக் கிளப், கடைசியில் கோட்டுக்கு வெளியே பெஞ்சு. பழைய ஃபிட்டர் வேலைக்கே திரும்பி, பஞ்சு அரைவை எந்திரம் பூட்டிக் கொடுக்க இந்த ஊருக்கு வந்தவர், பூட்டிய எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் இங்கேயே தங்கிவிட்டார். கால் சும்மா இருந்ததிலேயே தேறிவிட்டதாம்.

"இன்னும் ரெண்டு வருசத்துக்கு இந்தக் கால்ல ஆட்டம் இருக்கு" என்று தொடையில் தட்டிச் சொன்னார். "இங்கன கெடந்தா துருப் புடிச்சுரும். என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க." கெஞ்சுவது அவருக்குப் பழக்கமில்லை என்று தெரிந்தது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஒரு கோலை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சொன்னேன். நாளை மறுநாள் மாரியம்மன் திருவிழாவில் மலைத்தோட்டத்துத் துரைமார்களோடு ஆட்டம் இருக்கிறதாமே, அங்கே போட்டுவிடுங்கள் என்றேன். மார்செலின் முகம் தொங்கிப்போனது. வீராயி கரண்டியோடு வந்து நின்றுகொண்டார்.

"இவரு எப்புடிப் போடுவாரு? மொதக் கோலு பெரியதனம்ல போடணும்!"

எனக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினார். "கோயில்ல மொதத் துன்னூறு அவுகளுக்கு. விசேசத்துல மொத வெத்தல அவுகளுக்கு. கம்மாத் தண்ணி மொத மடை அவுக வயலுக்கு. பந்து மட்டும் என்ன, வானத்துல இருந்தா குதிச்சுச்சு? அவுக ஒரு கோலு போட்டதுக்குப் பெறகுதேன் மத்தவுக."

"அவருக்கு ஆடத் தெரியுமா?"

"அது எதுக்கு?" என்றார் வீராயி.

போன வருஷங்களில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லையாம். ஆட்டம் ஆரம்பித்ததும் பெரியதனக்காரர் நடந்து போய்ப் பந்தை உதைப்பார். துரைமார்கள் பக்கம் கோலைக் காக்கும் கோல்காரர் அந்த நேரம் பார்த்துத் தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். கோல் விழும், மேளம் கொட்டும், பெரியதனக்காரர் போய் நாற்காலியில் உட்கார, நிஜ ஆட்டம் தொடங்கும். துரைமார்களுக்கு இவ்வளவு பணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தோட்டத்துக்குக் கூலியாட்களைத் திரட்டி அனுப்புகிறவர் பெரியதனக்காரர். அவர் மனம் கோணினால் தேயிலையைத் துரைமார்களே குனிந்து பறிக்க வேண்டியதுதான்.

மறுநாள் அந்தப் பெரிய மனிதரைப் பார்க்கப் போனேன். வாசலில் இரண்டு கோம்பை நாய்கள் என் கால்சட்டையை மோந்து பார்த்து யோசித்தன. பெரியதனக்காரர் வந்து அதட்டியதும் அவை படுத்துக்கொண்டன, எனக்கும் படுத்துவிடலாமா என்று தோன்றியது. அகலமான உடம்பு, மீசை, சிரிக்கும்போது குழந்தை முகம். மில் அவருடையதுதான்.

"எங்க ஆள இழுத்துட்டுப் போக வந்திருக்கீக போலருக்கே."

ஐயா சம்மதித்தால் மட்டும் என்று இழுத்தேன்.

"அவுகவுக விருப்பம். நான் கட்டியா போட்டிருக்கேன்? ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. ஆட்டம் முடியட்டும், பேசுவோம். காப்பி குடிங்க." கருப்பட்டிக் காப்பி. எங்கள் ஊர்த் தேநீரைப் பற்றி நான் பெருமையாக எதுவும் சொல்லவில்லை. நாய்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

ஆட்டத்தன்று ஊரே வற்றிய கண்மாய்க்குள் இறங்கியிருந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடிய ஈரம் காயாத சட்டைகள். ஊன்றிய கம்புகள் இரண்டு, மேலே ஒரு மூங்கில், அதுதான் கோல். வாத்தியார் ஒருவர் நடுவர். அவரிடம் விசில் இல்லாததால் பஸ் கண்டக்டரின் விசிலை வாங்கி வைத்திருந்தார். விசில் இல்லாமல் பஸ் கிளம்ப முடியாது. அதனால் பஸ்ஸும் கரைமேல் நின்று ஆட்டம் பார்த்தது. ஊர் அணியில் பத்துப் பேர் கால்சட்டை, பதினோராவதாகப் பெரியதனக்காரர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, செருப்போடு.

விசில் ஒலித்தது. மார்செல் பந்தை எடுத்தார். நான்கு துரைமார்களை அவர் கடந்து போன விதத்தைச் சொல்ல எனக்குத் திறமை போதாது. கால் எங்கே, பந்து எங்கே என்று தெரியவில்லை. கோலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். காலைத் தூக்கினால் கோல். அவர் தூக்கவில்லை. பந்தின் மேல் பாதத்தை வைத்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தொலைவில் பெரியதனக்காரர் இரு பக்கமும் கும்பிடு வாங்கிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். துரைமார்கள் கண்ணியமாக ஒதுங்கி நின்றார்கள். அவர் வந்து சேர்ந்து, மூச்சு விட்டு, உதைத்தார். புதிதாக இங்கிலாந்திலிருந்து வந்திருந்த இளம் கோல்காரன் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்துவிட்டான்.

கண்மாய் திகைத்துப் போயிற்று. கிழட்டுத் துரை ஒருவர் ஓடிப்போய் அந்தப் பையனின் காதில் என்னவோ சொன்னார். அவன் உரக்கப் பதில் சொன்னது எனக்கே கேட்டது: "நான் கோல் காக்க வந்தேன். வேண்டுமென்றால் வேறு ஆளை நிறுத்துங்கள்." அன்று அந்த மைதானத்தில் கால்பந்து விளையாடியவன் அவன் ஒருவன்தான். எல்லோரும் அவனை வெறுத்தோம்.

அதன் பிறகு நடந்ததை எந்த நாட்டிலும் பார்க்க முடியாது. இரண்டு அணிகளும் சேர்ந்து ஒரே மனிதரைக் கோல் போட வைக்கப் பாடுபட்டன. மார்செல் கொண்டுவந்து நிறுத்துவார்; பெரியதனக்காரர் உதைப்பார்; பையன் பிடிப்பான். ஒருமுறை துரைமார்களே பந்தைத் தங்கள் கோலுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துக் கொடுத்தார்கள். பெரியதனக்காரர் முழு பலத்தோடு உதைத்ததில் செருப்பு கழன்று கோலுக்குள் போயிற்று, பந்து அங்கேயே இருந்தது. செருப்பு அவுகளோடதுதானே, கணக்கில் எடுத்துக்கொள்ளலாமே என்று கரையில் ஒரு தரப்பு வாதாடியது. வாத்தியார் உண்மையிலேயே யோசித்தார்.

பொழுது சாய்ந்தது. பெரியதனக்காரருக்கு மூச்சு இரைத்து, நாற்காலி கொண்டுவந்து கோல் பக்கத்திலேயே போட்டார்கள். கண்டக்டர் தன் விசிலைக் கேட்டுக் கத்த ஆரம்பித்தார். கோல் இல்லை. மார்செல் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தார். ஒரு நல்ல ஆட்டக்காரனுக்கு மீதியிருக்கும் இரண்டு வருஷமும் அந்தப் பட்டு வேட்டிக்குள் சிக்கிக் கிடந்தது.

பந்து கடைசியாக ஒருமுறை மார்செலிடம் வந்தது, நடு மைதானத்துக்கும் இந்தப் பக்கமாக. இளம் கோல்காரன் வாயைக் கையால் குவித்துக் கத்தினான்: "இதையும் அவருக்கே தூக்கிக்கொண்டு வா, வேலைக்காரா!"

மார்செல் நின்றார். தலையைத் திருப்பிக் காற்றைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டார். பிறகு கோலுக்கு ரொம்பத் தள்ளி, வெளியே, கரையைப் பார்த்து ஓங்கி உதைத்தார். பந்து எங்கோ போகிறது என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அந்தக் கடன்காரக் காற்று அதை நடுவானில் பிடித்து வளைத்துக் கொண்டுவந்தது. பையன் தப்பான பக்கம் நின்றிருந்தான். பந்து மூங்கிலுக்குக் கீழே நுழைந்து போயிற்று.

கைதட்டியவன் நான் ஒருவன்தான். இரண்டாவது தட்டுக்குள் பக்கத்திலிருந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முறையை மீறியவனை ஊர் விலக்கி வைக்கும் என்று முணுமுணுத்தார். மில் வேலை போகும், வீராயிகூடச் சோறு போட மாட்டார். அப்படி விலக்கினால் நான் கூட்டிக்கொண்டு போவது சுலபம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பெரியதனக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒற்றைச் செருப்போடு மைதானத்தின் குறுக்கே நடந்து மார்செலிடம் போனார்.

"ஏப்பா மாசிலாமணி."

"சொல்லுங்கய்யா."

"நம்மளால ஆகலப்பா. அந்தப் பய விட மாட்டேங்கறான். இப்ப நீ போட்டத நான் போட்டதா வச்சுக்கிருவமா? ஒனக்குச் சம்மதம்னாத்தேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிரு, தப்பா எடுத்துக்கிற மாட்டேன்."

மார்செல் என்னைப் பார்த்தார். கொடுத்தால் கோல் போச்சு, கோல் போனால் கொழும்பு போச்சு என்று அவர் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. பிறகு அவருடைய தோள் தளர்ந்தது.

"வச்சுக்கங்கய்யா" என்றார்.

வாத்தியார் விசிலை ஊதி, "கோல்! பெரியதனம்!" என்று அறிவித்தார். மேளம் காதைப் பிளந்தது. மாலை விழுந்தது. கோல்காரப் பையன் மட்டும் மைதானம் முழுக்க ஓடி, போட்டவன் யார், போட்டவன் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரம் யாருக்கும், துரைமார்களுக்குக்கூட, இங்கிலீஷ் தெரியவில்லை. கண்டக்டர் விசிலைப் பிடுங்கிக்கொண்டு போனதால் ஆட்டம் அதோடு முடிந்தது.

கறிச்சோற்றுப் பந்தியில் பெரியதனக்காரர் மாலையோடு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "கோல் போடுற ஆளத்தான தேடி வந்தீக? பாத்துட்டீகள்ல. நான் என்னைக்குப் பொறப்படணும்?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தது. எங்கள் நீலச் சட்டையை அந்த உடம்பில் நினைத்துப் பார்த்தேன். வேறு வழியில்லை. எழுந்து நின்று கும்பிட்டு, "ஐயா வந்தால் கொழும்புக்கே மரியாதை. அவசியம் வர வேண்டும்" என்றேன்.

அவர் அந்த வார்த்தைகளை ஊரார் முகங்களில் எல்லாம் ஒருமுறை பார்த்து ரசித்தார். பிறகு இலையை மூடினார். "கூப்பிட்டதே போதும். நமக்குக் கடல் தண்ணி ஒத்துக்கிறாது. இங்கன மில்லு கெடக்கு, கோர்ட்டுல வழக்கு கெடக்கு. எனக்குப் பதிலா நம்ம மாசிலாமணியக் கூட்டிட்டுப் போங்க." எதிர்வரிசையில் மார்செல் சோற்றில் வைத்த கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பஸ் புறப்படும்போது வீராயி கட்டுச்சோற்றை ஜன்னல் வழியாக நீட்டினார். "அங்கன களி கிண்டுவாகளா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் எதத் தின்னுட்டு ஓடுவாரு?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டினார். மார்செல் ஊர் மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ரயில் ஏறிய பிறகுதான் கேட்டேன். அவ்வளவு பேர் முன்னால் உங்கள் கோலை அந்த மனிதர் எடுத்துக்கொண்டாரே, வயிறு எரியவில்லையா?

மார்செல் கட்டுச்சோற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆண்ட்வெர்ப்ல கிளப் தலைவர் எடுத்துக்கிட்டாரு. பிரான்ஸ்ல சோப்புக்காரர் எடுத்துக்கிட்டாரு. எங்கிட்டக் கேட்டுட்டு எடுத்துக்கிட்டவுக பெரியதனம் ஒருத்தவுகதேன்."

கட்டுச்சோற்றைப் பிரித்து எனக்குப் பாதி வைத்தார். பிறகு, உங்கள் தலைவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டார்.

நல்ல மனிதர், கொப்பரை வியாபாரம் செய்கிறார் என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தேன்.